மீதம் ஒரு தடவை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பேகம்பூரில் என் பக்கத்து வீட்டு சர்புன்னிசா அக்காவின் டிவிடி பிளேயர்தான் இதை ஆரம்பித்துவைத்தது. போன ஞாயிறு மத்தியானம். அக்கா மகள் ஷாஹினா அமெரிக்காவில் எடுத்த முதல் படம் டிவிடியாக வந்திருந்தது. தெருவே பிரியாணி சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, வந்ததோ ஒரே ஒரு வரி: இந்த டிவிடி உங்கள் ஏரியாவில் ஓடாது.

"எம் மக படத்த நான் பாக்கக் கூடாதுன்னு சொல்ல இவன் யாருத்தா?" என்றார் அக்கா.

[பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்கு ஒரு பூட்டிய டிவிடி வந்து... வேண்டாம். யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.]

2

விஷயம் இதுதான். டிவிடிக்காரர்கள் உலகத்தைக் கூறுபோட்டிருக்கிறார்கள்: அமெரிக்கா ஒன்றாம் ஏரியா, நாம் ஐந்து. டிவிடி போடும் என் பழைய லேப்டாப்பில் ஏரியாவை மாற்றலாம், ஆனால் மொத்தமே ஐந்து தடவைதான். நாலு போய்விட்டது.* கடைசியையும் மாற்றினால் லேப்டாப் காலத்துக்கும் அமெரிக்காக்காரனாகிவிடும். நான் ஆசை ஆசையாகச் சேர்த்த நம்மூர் டிவிடி நாற்பதும் அதில் ஓடாது.

* இரண்டு தெரிந்து மாற்றியது. இரண்டு, என்னதான் ஆகும் பார்ப்போமே என்று அமுக்கியது.

3

முடிவு அ: கரண்ட் போய்விடுகிறது.

முடிவு ஆ: ஷாஹினா போனில் வழி சொல்கிறாள். (அங்கே நடுராத்திரி. எடுக்கவில்லை.)

முடிவு இ: அக்கா கண்கலங்கி, முந்தானையால்...

இதுவரை வாசித்துக் காட்டியதும் அக்காவுக்கு வந்ததே கோபம். "நான் எங்கத்தா அழுதேன்? நீதான் அல்போன்சா, லேப்டாப்பக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு சார்ஜ் இல்லேன்னு பொய் சொன்ன!"

சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

உண்மையில் நடந்தது: விவரம் தெரிந்ததும் அக்கா லேப்டாப்பை என் பக்கமே தள்ளினார். "வேணாம்த்தா. ஒம் படமெல்லாம் போயிரும்ல. அவ வாரப்ப பாத்துக்கிறேன்." பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்து, "இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கவா?" என்றார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அமுக்கிவிட்டேன்.

"யா அல்லாஹ், அந்தா எம் மக பேரு!"

5

அதன்பின் ஷாஹினா படத்தில் என்ன காட்டினாள், தெருவே ஏன் எழுந்து நின்று கைதட்டியது என்பதையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். "படிச்சா எப்படித்தா? வந்து பாக்கச் சொல்லு. பிரியாணி போடுறேன்."

ஆகவே மன்னிக்க வேண்டும், இந்த முடிவு உங்கள் ஏரியாவில் ஓடாது. பேகம்பூருக்கு வாருங்கள். லேப்டாப் இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறது.