விழுந்து காட்டியவர்

அப்பாவின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த பெமிலாவிடம் தங்கையன் மாமா குனிந்து மெல்லக் கேட்டார்.

"அத அழிச்சாச்சா மக்கா?"

"இல்ல மாமா."

"ஜெப்சன் வாறதுக்கு முன்ன அழிச்சிரு. உனக்க அம்மை கண்ணுல பட்டுரப்பிடாது."

குளிர்பெட்டி கொண்டுவந்தவர்கள் கண்ணாடி மூடியை இறக்கினார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆன்ட்ரூஸ், நேற்று மதியம் குலசேகரத்தில் ஒரு பள்ளிக்கூட மேடையில் இறந்துபோயிருந்தார். அவர் இறந்தது முழுவதும் பெமிலாவின் போனில் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகுதான் அவருக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது. பேச்சில்லாத காலத்துச் சினிமாவில் ஜனங்களைச் சிரிக்கவைத்தவர்கள். பெரிய நடிகர்கள் அல்ல. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கியவர்கள், ஏணியோடு சரிந்தவர்கள், முகத்தில் மாவு அப்பிக்கொண்டவர்கள். நூறு வருஷப் பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை இணையத்தில் புரட்டி, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் மெயில் எழுதி, ஒவ்வொரு பெயராகக் கண்டுபிடிப்பார். பிறகு புரொஜெக்டரும் ஒரு வெள்ளை வேட்டியுமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போவார். வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுப் படத்தைப் போட்டு, பெயரைச் சொல்லி, அவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று விழுந்தும் காட்டுவார். பெமிலா அதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவாள். கொஞ்சம் பேர் பார்ப்பார்கள்.

அம்மா செல்லபாய் ஒரு தடவைகூடப் போனதில்லை. "பேரப்பிள்ள எடுத்த மனுசன் இப்பிடி விழுந்து பொரளுகாரே" என்று சபையில் யாரோ சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. நேற்றும் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். எங்கே போகிறார் என்று கேட்கவில்லை.

நேற்று அவர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார். பல படங்களில் வீட்டுக்கார அம்மாவாக வந்து படிக்கட்டில் சறுக்கி விழும் ஒரு தடித்த பெண். அவள் பெயர் எந்தப் படத்திலும் போடப்படவில்லை. ரொம்ப நாள் தேடி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அவளுக்க பேரு ஏடா மெரிடன்" என்றார் மேடையில்.

ஏடா என்றதும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவரை ஒருவர் "ஏடா, ஏடா" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"சிரிங்க மக்களே. இத்தன காலம் எல்லாரும் அவளப் பாத்துச் சிரிச்சாச்சு. இப்பதான் பேரு சொல்லிச் சிரிக்கோம்."

பிறகு அவள் விழுவதைப்போல மேடைப் படியில் சறுக்கி விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எப்போதும் உடனே எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக் கும்பிடுவார். எழவில்லை. அவர் அசையாமல் கிடக்கக் கிடக்கச் சிரிப்பு கூடியது. பெமிலாவும் சிரித்தாள். போன் அவள் கையில் இருந்ததால் அவளுடைய சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகப் பதிந்திருந்தது.

விழுவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

குவைத்திலிருந்து வந்து இறங்கிய அண்ணன் ஜெப்சன் காரிலிருந்து கூப்பிட்டான்.

"களியக்காவிள தாண்டியாச்சு. அத யாருக்காவது அனுப்பினியா?"

"இல்லண்ணே."

"அழிச்சிரு. நாளைக்கு ஊரெல்லாம் பாத்துச் சிரிக்கும்."

பெமிலா அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டாள். அழிக்கவா என்று போன் கேட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் அம்மா வந்தது தெரியவில்லை.

"பிள்ளைய சிரிச்சுதுவளா?" என்றாள் செல்லபாய்.

பெமிலா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். அடுப்பில் பால் விடாத கட்டன்சாயா கொதித்துப் பொங்கியது. அம்மா எட்டி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பவும் அவளைப் பார்த்தாள்.

"சிரிச்சுதுவ."

"நல்லா சிரிச்சுதுவளா?"

"ம்."

"இங்க தா."

"வேண்டாம்மா. அதுல… நானும்…"

"தா மக்கா."

செல்லபாய் போனோடு போய்ப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெமிலா சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினாள். அம்மா விடவில்லை. பிள்ளைகளின் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையன் மாமா வேகமாக வந்தார்.

"செல்லபாய், எதுக்கு இப்ப இது? ஆளுவ இருக்கு."

அவள் உள்ளங்கையைக் காட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள்.

கைதட்டல் கேட்டது. பிறகு பக்கத்திலிருந்து வருவதுபோல பெமிலாவின் சிரிப்பு. அது நீண்டுகொண்டே போனது. பெமிலா சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்தாள். கடைசியில் அவளுடைய குரலே, "அப்பா?" என்றது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுபோனது.

செல்லபாய் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலால் போனை இங்கும் அங்கும் தேய்த்தாள்.

"மொதல்ல இருந்து பாக்கணும்னா எங்க தள்ளணும்?"

பெமிலா வந்து அவள் காலடியில் உட்கார்ந்து தள்ளிக் கொடுத்தாள். ஆன்ட்ரூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் என்றார். செல்லபாய் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டுக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போதகர் உள்ளே வந்து குனிந்தார்.

"மகன் வந்தாச்சு. ஜெபத்த ஆரம்பிக்கலாமா?"

"கொஞ்சம் இருங்க பாஸ்டர்" என்றாள். "அவிய பேசி முடிக்கல்ல."

போதகர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து நின்றார். பாடுவதற்கு எழுந்த பெண்கள், எடுத்துவைத்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பாட்டுப் புத்தகங்களை மூடினார்கள்.