பக்கெட் மேல் நின்றவர்

வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூந்தலைத் தூக்கி முடிந்து, அவள் கேமராவுக்கு முன்னால் போய் நின்றபோது எதிரே இருந்தது ஓர் ஒட்டடைக் கம்பு. நாற்காலி முதுகோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிய கம்பு. அதில் தன் கண் உயரத்தை அளந்து சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். அந்த டேப்தான் கிடார்காரி. பாட்டின் இரண்டாவது பல்லவி வந்ததும் பேஸ் கிடார் வாசிப்பவள் கிடார்காரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பல்லவி வந்தது, சிரித்தாள். ஓடிப்போய் எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். பல் தெரிந்தது. அவ்வளவுதான்.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் வீடியோ வகுப்பு. கடைசித் தேர்வாக ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்து, கூடவே ஆல்பம் அட்டையும் போஸ்டரும் செய்து தர வேண்டும். மூன்றையும் பார்க்கிற வழிப்போக்கன்கூட இது இன்ன வகைப் பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். இசைப் பிரிவுப் பிள்ளைகள் பதிவு செய்து கொடுத்த பாட்டுகளில் அவளுடைய குழு எடுத்துக்கொண்டது கேரேஜ் ராக். நாலு சிநேகிதர்கள் கார் ஷெட்டில் கூடி, அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சத்தம் போடுகிற வகை. அதற்கென்று சில வழக்கங்கள் உண்டு. தரையெல்லாம் வயர் கிடக்கும். படம் சற்றே ஆடும். தந்தியில் ஓடும் விரல்கள் கிட்டத்தில் வரும். போஸ்டரில் நாலு பேரும் நாலு பக்கம் பார்ப்பார்கள். வீடியோவில் மட்டும் எங்காவது ஓரிடத்தில் இரண்டு பேர் தங்களை மறந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்த ஒரு சிரிப்பில்தான் பார்க்கிறவனுக்கு அவர்கள் மேல் ஆசை வரும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

குழுவில் அவளோடு சேர்த்து மூன்று பேர். ஒருத்திக்கு வேலை நேரம் மாறிவிட்டது. இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், போன் போட்டால் எடுப்பதில்லை. அடுத்த குழுவில் சேர்ந்துகொள்ளச் சொன்னார் ஆசிரியர். அந்தக் குழுவின் தலைவன் திரும்பிப் பார்த்து, "வாங்க வாங்க, வயர் சுத்தி வைக்கத்தான் ஆள் இல்லாம தவிச்சிட்டிருந்தோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பொன்றும் இல்லை. ஆனால் அவள் வாயிலிருந்து, அவளே எதிர்பாராமல், "நாலு பேரும் நானே பண்ணிடறேன் சார்" என்று வந்துவிட்டது.

"தனியாளா ஒரு பேண்டா?"

"ஆமா சார். தனித்தனியா எடுத்து ஒட்டிடுவேன்."

ஆசிரியர் நெற்றியைத் தடவினார். "முதல்ல எடிட் பண்ணி ஒண்ணு காட்டும்மா. பாத்தா பேண்டுன்னு தோணணும். தோணலைன்னா பேசாம இவங்களோட சேந்துக்கணும், சரியா?"

ஏன் சொன்னோம் என்று வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு, சொன்னதைச் செய்துதானே ஆக வேண்டும் என்று முறையாக ஆரம்பித்தாள். பாடுகிறவளுக்குக் கண்ணாடி கிடையாது, விரித்த கூந்தல். கிடார்காரிக்குக் கறுப்புத் தடிப் பிரேம். பேஸ்காரிக்கு வட்டம். டிரம்ஸ்காரிக்குச் சிவப்பு. கடை முதலாளி பிரேம்களைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்து, "மத்தவங்க ஒரு கண்ணாடி எடுக்கவே ஒரு மணி நேரம் என் உயிரை வாங்குவாங்க. நீ ஒருத்தி மூணு மாட்டப் போறியா? கீறல் விழுந்துச்சு, தொலைச்சிடுவேன்" என்றார். கிடாரில் இரண்டு தந்தியைக் கழற்றினால் தூரத்துக்கு அதுவே பேஸ். பக்கெட்டைக் கவிழ்த்துக் கறுப்புக் காகிதம் ஒட்டினால் டிரம். நாலு பேரையும் ஒட்ட வேண்டும் என்பதால் கேமரா இம்மி அசையக் கூடாது. படத்தின் ஆட்டத்தை எடிட்டில் சேர்த்துக்கொண்டாள். எல்லாம் கணக்காக இருந்தது.

ஆசிரியர் அதை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "வேலை சுத்தம். இந்த வகைக்கு வேண்டியது எதையும் விடல நீ. ஆனா..." என்று நிறுத்தினார். "நாலு பேரும் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரி இருக்காங்கம்மா." அடுத்த சனிக்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

அன்று இரவு ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். டேப்பைப் பார்க்கிற கண் எதையோ படிக்கிற கண்ணாகத்தான் இருக்கிறது. எதிரே பார்க்க ஒரு ஆள் வேண்டும். பாட வேண்டாம், நடிக்க வேண்டாம், படத்தில் தெரியக்கூட வேண்டாம், நின்றால் போதும். யாரைக் கேட்பது என்று யோசித்தாள். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே வரை தள்ளிக்கொண்டே போனாள். கண்ணாடி தயாரா என்று கேட்கிற வாடிக்கையாளர்களின் எண்கள்தான் அதிகம்.

அறையில் இன்னொருவர் இருக்கிறார். நர்ஸ் அக்கா. அவருக்கு எப்போதும் இரவு வேலை. அவர் காலையில் உள்ளே வரும்போது இவள் வெளியே போவாள். இவள் திரும்பும்போது அவர் கட்டில் விரித்தபடி காலியாக இருக்கும், கழுவிக் கவிழ்த்த தம்ளரில் ஈரம் இருக்கும். காலையில் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்ற மற்றவர் மாட்டுகிற நேரம்தான் இருவரும் பேசுகிற நேரம். "வரேன் அக்கா." "பாத்துப் போ, கண்ணாடி." கடையை வைத்து அக்கா அவளைக் கூப்பிடுகிற பெயர் அது. அவ்வளவு பேச்சுக்கு மேல் ஒரு உதவி கேட்கலாமா? குளியலறையில் நின்று கேட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கடன் கேட்பது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா செருப்பைக் கழற்றும்போது கேட்டேவிட்டாள்.

"அக்கா, தூக்கம் வருதா?"

"ராத்திரி முழுக்க நின்னுட்டு வரேன். தூக்கம் வராம ஆட்டமா வரும்? என்ன, சொல்லு."

"ஒரு ரெண்டு நிமிஷம் நிக்கணும்."

"மறுபடியும் நிக்கணுமா?" அக்கா பையைக் கட்டிலில் போட்டார். அறையில் கிடந்த வயர்களையும் கேமராவையும் கம்பையும் பார்த்தார். "நின்னு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். என்னைப் பாத்தா போதும்."

அக்கா குள்ளம். அவர் கண் இருந்த இடத்தைப் பார்த்தால் கிடார்காரியின் தோளைப் பார்ப்பது போல இருக்கும். அதனால் டிரம் மேல் ஏற வேண்டியதாயிற்று. கவிழ்ந்த பக்கெட்டில் ஏறி, கையை விரித்துச் சமாளித்து, அக்கா அவளை நேராகப் பார்த்தார். பாட்டு ஓடியது. வட்டக் கண்ணாடிக்குள்ளிருந்து அவளும் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒரு புருவத்தில் சின்னத் தழும்பு. முகக்கவசம் அழுத்திய கோடு மூக்கின் மேல் இன்னும் மறையவில்லை. பல்லவி நெருங்கியது. இப்போது சிரிக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்று நினைக்க நினைக்க முகம் இறுகியது.

அக்கா கண்ணைச் சுருக்கினார். "ஏய், கண்ணைக் கீழ இழு. வெளுத்துப் போயிருக்கே. ஒழுங்கா சாப்பிடறியா, இல்ல ரெண்டு பிஸ்கட்டோட படுத்துடறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அக்காவுக்கும் வந்தது. பக்கெட் ஆடியது. "பிடிடி, விழுந்தா என்னை யாரு பாத்துப்பா?" என்று அக்கா கத்த, இவள் சிரித்தபடியே ஒரு தப்புத் தந்தியை இழுத்தாள்.

பதிலுக்குக் கிடார்காரி சிரிக்கிற பாதி இன்னும் பாக்கி இருந்தது. தடிப் பிரேமை மாட்டிக்கொண்டு திரும்பினாள். அக்கா கட்டிலில், கால்கள் தரையில் தொங்க, உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்து தூங்கியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. போர்வையை இழுத்து விட்டாள். பாட்டைக் காதில் மட்டும் கேட்கும்படி மாட்டிக்கொண்டு, மறு ஓரத்தில் நின்று, கம்பில் ஒட்டிய டேப்பைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

சனிக்கிழமை மாலை வகுப்பில் திரையிட்டார்கள். இரண்டாவது பல்லவியில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விளக்குப் போட்டதும் ஆசிரியர், "இதுல பேண்டு இருக்கு" என்றார். வயர் சுத்தச் சொன்னவன் அவளிடம் வந்து, "அந்தத் தடிக் கண்ணாடி சிரிக்கிறது செம இயல்பா இருக்குங்க. வட்டக் கண்ணாடிதான் கொஞ்சம் ஓவர்" என்றான். அவள் தலையாட்டினாள். அவளுடைய போஸ்டரை நடையில் மாட்டினார்கள். நாலு பேரும் நாலு பக்கம் பார்த்தார்கள். எல்லாரும் கும்பலாகச் சாப்பிடக் கிளம்பியபோது, "உங்க குழுவும் வருதா?" என்று ஒருவன் கேட்டான். வேடிக்கைக்குத்தான். அவளும் சிரித்து, "அவங்களுக்கு வேலை இருக்கு" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

அவள் அறைக்கு வந்து சேர்ந்தபோது அக்கா வேலைக்குப் போயிருந்தார். ஆல்பம் அட்டையில் ஒரு பிரதியை அக்காவின் தலையணை மேல் வைத்தாள். பின்பக்கம், வழக்கப்படி நன்றி சொல்கிற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: பக்கெட் மேல் நின்றவருக்கு. வைத்த பிறகு, இது அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றியது. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

காலையில் கடைக்குப் போகும் நேரம் தாண்டியும் அக்கா வரவில்லை. சில நாள் அப்படித் தாமதமாகும். அறையில் வயர்களைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பக்கெட் மட்டும் கறுப்புக் காகிதத்தோடு அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்ன தோன்றியதோ, அதன் மேல் ஏறினாள். தொங்குகிற விளக்கில் தலை இடித்தது. அலமாரியின் மேல் படிந்திருந்த தூசி தெரிந்தது. அவள் நின்று சிரித்த இடம் எதிரே வெறும் தரையாக இருந்தது. அதற்குப் பின்னால் கதவு. இங்கே நின்றால் அந்தக் கதவைத்தான் நேராகப் பார்க்க முடிகிறது.

கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மாடிக்காரர்களாகவும் இருக்கலாம். இறங்காமல், கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள்.