அரை அங்குல இடைவெளி

தெருவில் அவளுக்கு 'ஓட்டை இன்ஜினியர்' என்று பெயர் வைத்தது மூலை வீட்டுத் தையற்காரர்தான். நகராட்சி வடிகால் பிரிவில் வரைபடம் போடுகிறவள், ஊரெல்லாம் சிமென்ட் தளம் கேட்கும்போது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குலம் சந்து விடச் சொன்னால் அவர் வேறென்ன பெயர் வைப்பார்?

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாள். "கடல் ஏறுற நேரத்துல மழை பெஞ்சா, நம்ம வடிகால் வாயைக் கடலே அடைச்சிடுது. தண்ணி வேற எங்க போகும்? மண்ணுக்குள்ளதான் போகணும். அந்தச் சந்துதான் அதுக்கு வழி."

தெருவின் கடைசி வீடு, கடலோரத்துப் பள்ளத்து வீடு, அவள் தங்கையுடையது. மூன்று மழைக்காலமாகக் கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றிவைத்துக் காலம் தள்ளுகிறவள். "இந்த வருஷம் உன் வீட்டுக்குள்ள தண்ணி வராதுடி. அக்கா சொல்றேன், நம்பு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒருவழியாகத் தெரு ஒத்துக்கொண்டது. வேலையை எடுத்துச் செய்தவன் அவள் கணவன், மேஸ்திரி. அவன் போட்ட தரையில் வைத்த கோலிக்குண்டு வைத்த இடத்திலேயே நிற்கும் என்பார்கள். அவள் சொன்னபடியே இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, மேலே கல் பதித்து, சந்துகளில் பொடி ஜல்லி தூவிக்கொண்டு வந்தான். பாதி வேலையில் அலுவலகம் அவளை ஐந்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியது.

திரும்பி வந்தபோது தெரு பளபளத்தது. சந்துகளிலெல்லாம் வெள்ளை சிமென்ட், நூல் பிடித்தாற்போல.

"எப்படி இருக்கு?" மேஸ்திரியின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ராப்பகலா பூசினேன். இனிமே எவனும் என் பொண்டாட்டியை ஓட்டை இன்ஜினியர்னு சொல்ல முடியாது."

இப்படி ஆசையாக யாரும் அவள் குடியைக் கெடுத்ததில்லை.

"அதாங்க தண்ணி இறங்குற வழி. எத்தனை தடவை சொன்னேன்! பிரிச்சிடுங்க, இன்னைக்கே."

"பூசின கையாலயே பேத்தெடுக்கச் சொல்றியா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்? மழைக்கு இன்னும் நாள் இருக்கு, பாக்கலாம் விடு."

மழை நாள் பார்த்தா வரும்? நாலாம் நாள் காலையில், கடல் ஏறிக் கிடந்த வேளையில் கொட்டித் தீர்த்தது. தெருத் தண்ணீர் மொத்தமும் வழவழத் தளத்தில் சறுக்கிக்கொண்டு பள்ளத்து வீட்டுக்குள் போனது. தங்கையின் கட்டில் மெத்தை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுநாள் மாலை தெருக்காரர்கள் பள்ளிக்கூட வகுப்பறையில் கூடினார்கள்.

"உங்க படம் காகிதத்துல நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்று தையற்காரர் தொடங்கினார். "பழைய தளத்துல கணுக்கால் வரைக்கும் வந்த தண்ணி, இதுல முழங்காலுக்கு வந்துடுச்சே!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். அவள் சொன்னால் புருஷனைச் சபையில் காட்டிக்கொடுத்தவள் ஆவாள்.

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. இந்தச் சந்து விட்ட கல்லு நமக்குச் சரிப்படுமா?" என்று தையற்காரரே கேட்டார்.

மேஸ்திரி எழுந்தான். அவள் முகத்தைத் தவிர எல்லார் முகத்தையும் பார்த்தான். "படிச்சவங்க சொன்னாங்க, செஞ்சேன். நம்ம மண்ணுக்கு இது ஒத்துவராதுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்தான். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"சந்தை அடைச்சதாலதான் தண்ணி இறங்கலை. என் படத்துல சந்துக்கு சிமென்டே கிடையாது. பூசினது இவரு."

வகுப்பறை கசமுசாவென்றது. "தன் தப்பைப் புருஷன் தலையில கட்டுறாளே" என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. தங்கை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா. மாமா எத்தனை தெருவுக்குத் தளம் போட்டவரு! அவருக்குத் தெரியாதா?"

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கல்லைப் பெயர்த்துவிட்டுத் தெரு முழுக்கக் கான்கிரீட் போடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. போடப்போவது மேஸ்திரி.

மறுநாள் காலை அவள் மேசைமேல் ஒரு தம்ளர் தேநீரை வைத்துவிட்டு அவன் கேட்டான்: "சாய்வு எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"தண்ணி எங்க போகணும்?"

"கடலுக்கு."

"கடலுக்கு முன்னால யாரு வீடு இருக்கு?"

மேஸ்திரி ஜன்னல் வழியே பள்ளத்து வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"சின்னவ வாசலை மறிச்சு ஒரு முழத்துக்குச் சுவர் வெச்சுக் குடுத்துடறேன்" என்றான். "கூலியெல்லாம் வேண்டாம். நம்ம பொண்ணுதானே."