அட்டமிக்கு முதல்நாள் மாறிய சர்வர்

1.
இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு சுபநேரம். கண்டியில் ஒரு சிறுநீரகச் சிகிச்சை நிலையம் நல்ல நேரம் பார்த்துத் தன் வெப்தளத்தைக் கிளவுடில் புதிய சர்வருக்கு மாற்றியது. அதிலிருந்து எனக்கும் நிம்மதியில்லை.

முதல் தொடக்கம்: ‘பல்லேகலயில் மழை பிடித்துக்கொண்டது. ஜெயராணி ஜன்னலை…’

வேண்டாம். மழைக்கும் டி.என்.எஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

2.
சர்வரை மாற்றிக்கொடுத்த ஜெயராணி, பல்லேகல அலுவலகத்தில் தலையில் கைவைத்திருந்தாள். போனில் நிலையத்தின் நிர்வாகி பரமநாதன்.

“என்ன பிள்ளை, என்ர போனிலை வடிவாத் திறக்குதே.”

“உங்களுக்குத் திறக்குது சேர். வத்தேகமயில திறக்கலையே! ஒரு நாள் பொறுங்கன்னு சொன்னேன்ல?”

“நாளைக்கு அட்டமி எல்லே?”

“அட்டமியெல்லாம் டி.என்.எஸ்ஸுக்குத் தெரியாது சேர்!”

[தளத்தின் பெயரைக் கேட்டால் சர்வரின் இலக்க முகவரியைச் சொல்வது டி.என்.எஸ். ஒருமுறை கிடைத்த பதிலைப் போன் கம்பெனிகளின் கணினிகள் ஒரு நாள்வரை நினைவில் வைத்திருந்து, பழைய இடத்துக்கே அனுப்பும். அந்த நினைவின் காலத்தை முதலில் சுருக்கிவிட்டுத்தான் இடம் மாறவேண்டும். நானும் பஞ்சாங்கம் பார்ப்பவன்தான். அதில் இது இல்லை.]

பழைய சர்வரையாவது ஓடவிட்டிருக்கலாம். “புது வீட்டிலை பால் காய்ச்சிப்போட்டுப் பழைய வீட்டிலையும் விளக்கெரிக்கிறதோ?” என்று பரமநாதன் அதை அழிக்கச் சொல்லிவிட்டார். அந்த முகவரியும் கைவிட்டுப் போயிற்று.

3.
வத்தேகமயில் சந்திரகுமார். அம்மா பாப்பம்மாவின் நாளைய டயாலிசிஸ் முறையை மாலைக்குள் தளத்தில் உறுதிசெய்யாவிட்டால், அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவன் போனில் தளம் சுற்றிக்கொண்டே…

(சுற்றுவதை எத்தனை வரி எழுதுவது? எனக்கே எரிச்சல் வருகிறது.)

4.
முடிவு ஒன்று: சந்திரகுமார் பஸ்ஸில் நேரே வந்துவிடுகிறான். அடித்துவிட்டேன். அம்மாவை யாரிடம் விட்டுவிட்டு வருவான்?

முடிவு இரண்டு: தளம் தானாகவே திறந்துவிடுகிறது. கடவுள் கருணையுள்ளவர். ஆனால் நாம் செய்யவேண்டியதை அவர்மீது போடலாமா?

பல்லேகலயில், பரமநாதனோடு இன்னும் போனில் இருந்த ஜெயராணி காதைத் தீட்டிக்கொண்டாள். “சேர், பின்னால ஒரு போன் அடிக்குதே?”

“அது விடியத் தொடக்கம் அடிக்குது. எல்லாம் இனி ஒன்லைன் எண்டு அறிவிச்சாச்சு. எடுக்கிறேல்லை.”

“ஐயோ, எடுங்க சேர்! தளம் திறக்காதவங்கதான் கூப்புடுறாங்க. பேரைக் கேட்டு முறையை நீங்களே பதிஞ்சு விடுங்க. இன்னைக்கு ஒரு நாள் நீங்கதான் டி.என்.எஸ்.”

பரமநாதன் அந்தப் போன்பக்கம் திரும்பினார். மணி நிற்கவில்லை.

5.
இதற்குமேல் அவர் கையை நான் நகர்த்தமாட்டேன். வாசகரே, அவருடைய கதிரையில் நீங்கள் உட்காருங்கள். மறுமுனையில் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னும் அடிக்கிறது.