கரையில் பாடக் கூடாது

பலகையில் அறுபது சொற்களுக்குத்தான் இடம் என்று கெதின் சொல்லியிருந்தான். வேல்ஸ் மொழியில் அறுபது, ஆங்கிலத்தில் அறுபது. மாவட்ட அலுவலகத்தில் அவன் பார்த்துவந்த கரையோரப் பாரம்பரியத் திட்டத்தில் மொத்தம் பதினான்கு தகவல் பலகைகள். பதின்மூன்றுக்கு மோர்வென் எழுதிக் கொடுத்துவிட்டாள். சுண்ணாம்புச் சூளை, கப்பல் கட்டிய துறை, மீனுக்கு உப்பிட்ட கொட்டகை என்று எல்லாம் முடிந்து, மிச்சம் இருந்தது அவளுடைய சொந்த ஊரான போர்த் கரெக்.

அந்த ஊரைப் பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். 1841இல் குதிரை வண்டியில் வேல்ஸைச் சுற்றிவந்த ஓர் ஆங்கிலேயர் தன் பயண நூலில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். பனிமூட்டத்தில் ஒரு மீன்பிடிப் படகு பாறையில் மோதி மூன்று பேர் மூழ்கிக்கொண்டிருந்தபோது, ஊர்ஜனங்கள் கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்களாம். ஒருவர்கூட ஒரு கயிற்றை எடுத்து வீசவில்லையாம்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதை விடவில்லை. மோர்வென் ஏழு பயண நூல்களை மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். முதல் நூலில் முப்பது பேர் பாடினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து வந்த நூலில் அறுபது பேர். ரயில் வந்தபின் அச்சான கையேட்டில் குடித்துவிட்டு ஆடவும் செய்தார்கள். ஏழு பேரில் எத்தனை பேர் இந்த ஊரைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதே சந்தேகம். ஒருவர் ஊரை ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

அவளுடைய அப்பா இட்வலுக்கு எண்பத்து மூன்று வயது. அந்த அரைப் பக்கத்தின் மீது அவருக்கு இருந்த கோபத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாராவது குட்டையில் வழுக்கி விழுந்தால், மற்ற பையன்கள் அவரைப் பார்த்து, "போர்த் கரெக்காரா, ஒரு பாட்டு பாடேன்" என்பார்களாம்.

"உன் படிப்புக்கு இதுதான் வேலை," என்பார். "அந்த ஆள் எழுதினது பொய்னு பலகையில போடு. ரெண்டு மொழியிலயும் போடு. பார்த்துட்டுப் போய்ச் சேர்றேன்."

"ஆதாரம் இல்லாம போட முடியாதுப்பா."

"அப்ப தேடு."

மார்ச் மாதம் அபெரிஸ்ட்வித் நூலகத்தில் அவள் தேடியது கிடைத்தது. அந்தப் பயணியின் பென்சில் குறிப்பேடு, உறவினர் யாரோ கொடுத்த பெட்டிக்குள் நூலகப் பட்டியலில்கூட ஏறாமல் கிடந்தது. போர்த் கரெக் பக்கத்தில் ஒரு சின்னப் படம் வரைந்திருந்தார். படகு நுழையும் வாய், இரண்டு பக்கமும் பாறை. கடலிலிருந்து வருபவனுக்கு இடப்பக்கப் பாறையில் பாவாடை கட்டிய உருவங்கள், வலப்பக்கப் பாறையில் தொப்பி வைத்தவை. கீழே கிறுக்கல்: 'பெண்கள் ஒரு பாறை, ஆண்கள் ஒரு பாறை. ஏன் பிரிந்து நிற்கிறார்கள்? விடுதிக்காரனைக் கேட்க வேண்டும். நான்கு படகில் மூன்று பத்திரமாகக் கரை சேர்ந்தன.'

விடுதிக்காரனை அவர் கேட்கவே இல்லை. மூன்று படகுகள் கரை சேர்ந்தது அச்சுக்கும் போகவில்லை.

பிரிந்து நின்றது மோர்வெனுக்குப் புதிதாகத் தெரியவில்லை. போர்த் கரெக் தேவாலயத்தில் இன்றைக்கும் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வருவது எட்டுப் பேர். ஏழு பெண்கள் இடப்பக்கம் நெருக்கி உட்காருவார்கள். வலப்பக்கம் முழுக்க இட்வல் ஒருவர்தான். அவருடைய கட்டைக் குரல் அடியில் நின்று தாங்குவதால்தான் அங்கே இன்னும் பாட்டு என்று ஒன்று இருந்தது.

தேவாலயச் சாவியும் அங்கிருந்த அலமாரியின் சாவியும், தேநீர்க் கடை வைத்திருந்த நெஸ்டாவிடம் இருந்தன.

"அலமாரியில என்னடி இருக்கு, எலிப் புழுக்கையைத் தவிர?" என்றாள் நெஸ்டா.

"பழைய கூட்டக் குறிப்பு நோட்டு இருக்கும்க்கா."

"எடுத்துக்கோ. உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா? அவரு சபை மூப்பராச்சே, அப்புறம் என்னை நிக்கவச்சுக் கேள்வி கேப்பாரு."

"நானே சொல்லிக்கறேன்."

அவள் சொல்லவில்லை. ஏனென்றால், அன்று சாயங்காலம் 1862ஆம் ஆண்டுப் பக்கங்களைப் படித்தபின் சொல்ல வாய் வரவில்லை.

மை மங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. பனி இறங்கும் நாளில் ஊர் முழுக்கத் துறைக்கு இறங்கிப் பாடுவது வழக்கம். வெறுமனே கூவினால் பாறை அதை நாலா பக்கமும் திருப்பி அடிக்கும், திசை தெரியாது. அதனால் ஒரு பாறையில் மெல்லிய குரல்கள், எதிர்ப் பாறையில் தடித்த குரல்கள். வருகிறவன் இரண்டுக்கும் நடுவே படகை விடுவான். 'படகில் இருப்பவர் துடுப்பை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும், கரையில் இருப்பவர் நிறுத்தாமல் பாட வேண்டும்' என்று ஒரு கட்டளைபோல எழுதி வைத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த பத்தி, தீர்மானம். நாம் சாவைப் பார்த்துப் பாடுகிறவர்கள் என்று புத்தகங்களில் அச்சாகிவிட்டது. பனி நாட்களில் வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள். சபைக்கு இது அவமானம். ஆகவே, நல்லடக்கத்தின்போது தவிர, இனிக் கரையில் பாடக் கூடாது. காத்ரின் என்ற பெண் எழுந்து, "துடுப்பை நிறுத்துகிறவன் பிறகு எதைக் கேட்பான்?" என்றதாகவும், துறையில் மணி ஒன்று கட்டப்படும் என்று பதில் சொல்லப்பட்டதாகவும் குறிப்பு இருந்தது. மணி கட்டப்படவே இல்லை. கீழே கையெழுத்து: மூப்பர் ரோபட் இவான், பென் ரிவ்.

பென் ரிவ் என்பது வீட்டின் பெயர், தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் வீடு. மோர்வென் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு காலை. தம்பி டெகிட் சிங்கி இறால் கூடுகளைத் தூக்கப் போயிருந்தான். முப்பத்தெட்டு வயது. ஜி.பி.எஸ். கருவி பழுதுபார்க்க நகரத்தில் இருந்தது. பத்து மணிக்குப் பனி வந்து ஊரை மூடியது. பதினெட்டுப் பேர் துறைக்கு இறங்கி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கத்தியது எல்லாத் திசையிலிருந்தும் திரும்பி வந்தது. அப்போது இட்வல்தான் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் வாயை மூடுங்க. இப்படிக் கத்தினா அவன் குழம்பிப் போவான். எஞ்சின் சத்தத்தைக் கேப்போம்."

எல்லாரும் வாயை மூடினார்கள். எஞ்சின் கேட்டது. பக்கத்தில்தான். பிறகு நின்றுவிட்டது. பதினெட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் காத்திருந்தார்கள். அடுத்து கேட்டது படகு பாறையில் அடிக்கும் சத்தம்.

டெகிட் இறந்தபின் நடந்த விசாரணையில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை, டேங்கில் டீசல் இருந்தது. எஞ்சின் ஏன் நின்றது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. எஞ்சினைக் கடைசியாகப் பழுதுபார்த்த பட்டறைக்காரனை இட்வல் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் தானாக நிற்கவில்லை. அவன் அணைத்திருக்கிறான். கரையில் இருப்பவர்களின் குரலைக் கேட்பதற்காக. கரையில் அவர்கள் அவன் சத்தத்தைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

மோர்வென் நோட்டை மூடி, கம்பளிகளுக்கு அடியில் வைத்தாள். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது. கெதின் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டான். கடைசியில் ஒரு வாசகம் எழுதினாள்: பயணி கண்டது பிரார்த்தனை, மூழ்கியவர்களுக்காக ஊர் ஜெபித்தது. பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பிடிக்கும். பலகைக்கும் போதும்.

இரவுச் சாப்பாட்டுக்குமுன் அதைப் படித்துக் காட்டினாள். இட்வல் கவ்ல் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஜெபமா?"

"ஆமாப்பா."

"மூணு பேரு கண்ணு முன்னாடி முங்குறப்ப, எந்த மீன்காரன் நின்னு ஜெபம் பண்ணுவான்? நான் பண்ணுவேனா? யாரு சொன்னா இதை?"

"பழைய குறிப்பு..."

"என்ன குறிப்பு? அலமாரியில இருந்து நீ எடுத்துட்டு வந்தியே, அதுவா? நெஸ்டா சொல்லிட்டா. மூணு வாரமா நீயா சொல்லுவேன்னு பார்த்துட்டு இருக்கேன்."

மோர்வென் ரொட்டியை வெட்டத் தொடங்கினாள்.

"சபை நோட்டு அது. நான் மூப்பர். கொண்டா இங்க."

"வேண்டாம்ப்பா. அதுல உங்களுக்கு சந்தோஷமா ஒண்ணும் இல்ல."

"எனக்கு சந்தோஷம் வேணும்னு யாரு கேட்டா?"

அவள் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வரி வரியாகப் படித்தார். முதல் பக்கத்தில் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, பார்த்தியா," என்று மேசையைத் தட்டினார். "வழி காட்டியிருக்காங்க. பாட்டுல வழி காட்டியிருக்காங்க. அந்தக் கழுதைக்கு இது புரிஞ்சுதா?" பக்கம் திரும்பியது. கண்ணாடி ஒரு வரிக்குத் திரும்பிப் போய் அங்கேயே நின்றது. அது காத்ரினின் கேள்வி என்று மோர்வெனுக்குப் பார்க்காமலே தெரியும்.

கவ்ல் ஆறி மேலே கொழுப்பு படிந்தது.

"பொம்பளைங்க எந்தப் பாறை?" என்று கடைசியில் கேட்டார்.

"வர்றவனுக்கு இடப்பக்கம்."

"அன்னிக்கு இறங்கினதுல பொம்பளைங்க எத்தனை பேரு?"

"பதினொண்ணு. அப்பா, அதெல்லாம் இப்ப..."

"ஆம்பளைங்க ஏழு. போதும். ரெண்டு பாறைக்கும் நல்லாப் போதும்." மூடிய நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "எஞ்சின் பழுதில்லைன்னு அந்தப் பட்டறைக்காரன் எத்தனை தடவை சொன்னான்."

"அன்னிக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்ப்பா? யாருக்குமே தெரியாதே. பாட்டை நிறுத்தி நூத்தம்பது வருஷமாச்சு."

"டெகிட் அணைச்சானே. அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

மோர்வென் ஆறிய கிண்ணத்தை எடுத்து அடுப்பருகே வைத்தாள்.

"எல்லாத்தையும் எழுது," என்றார். "பாடினதையும் எழுது. நிறுத்தினதையும் எழுது. யாரு கையெழுத்துன்னும் எழுது."

"அறுபது வார்த்தைதான்ப்பா."

"அப்ப அந்த இங்கிலீஷ்காரனை வெளியே தள்ளு. அவனுக்கு ஏழு புஸ்தகம் இருக்கு."

கெதினுக்குக் கடைசி வரி மட்டும் உறுத்தியது. "மணி கட்டப்படவில்லைன்னு முடியுதே," என்றான் தொலைபேசியில். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நடைபாதையில பிள்ளைகுட்டியோட வர்றவங்க, கொஞ்சம்..."

"அந்த வரியை எடுத்தீங்கன்னா பலகையே வேண்டாம்."

"சரி சரி. நான் சும்மா கேட்டேன்."

மே மாதம் துறைக்கு இறங்கும் வழியில் பலகையை நட்டார்கள். இட்வல் கைத்தடியோடு வந்து இரண்டு மொழியிலும் படித்தார். ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி தப்பு என்றார். நெஸ்டா ஃபிளாஸ்க்கில் தேநீரும் வெண்ணெய் தடவிய பாரா பிரித் பழரொட்டித் துண்டுகளும் கொண்டு வந்திருந்தாள். ஊர்ப் பெயரில் இருந்த கறை போயிற்று என்று எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். அவரும் குலுக்கினார். கடல் தெளிவாக இருந்தது, இரண்டு பாறைகளும் நன்றாகத் தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் முதல் ஞானப்பாட்டுக்கு எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். இடப்பக்கம் ஏழு பேர் தொடங்கினார்கள். முதல் அடி முடிவதற்குள் நெஸ்டா திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கம் இட்வல் சரியான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உதடுகளை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"தொண்டை கட்டிருக்கா?" என்று நெஸ்டா வாயசைத்தாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

பாட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, அடியில் எதுவும் இல்லாமல். மோர்வென் தன் குரலைத் தாழ்த்தி அவருடைய இடத்தைப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை.