சுற்று வழி

ஊருக்கே சவப்பெட்டி செய்கிறவன் நான். என்னிடம் வராமல் யாரும் மண்ணுக்குள் போக முடியாது. அந்தப் போதகனும் என்றைக்காவது என் பட்டறைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று கறுவிக்கொண்டு காத்திருந்தேன்.

எங்கள் பழைய சர்ச்சில் ஒருநாள் பிரசங்கம் பண்ண அவனைக் கூப்பிட்டதுதான் வினை. பேசினான் பாருங்கள், தேன் ஒழுக. முழுகி ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் இருட்டின் பிள்ளைகளாம். பெற்ற தாயே ஆனாலும், அப்படிப்பட்டவர்களின் அடக்கத்துக்கு வெளிச்சத்தின் பிள்ளைகள் போகக் கூடாதாம். நானும் மனைவியும் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டோம். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று மனைவி என் காதைக் கடித்தாள். மகன் மட்டும் தேம்பி அழுதுகொண்டே எழுந்து முன்னால் போனான். ஒரே குடும்பமாக உள்ளே போன பலர் அன்று இரண்டாகத்தான் வெளியே வந்தார்கள்.

மகன் அந்தப் போதகனுடைய சபையில் சேர்ந்தான். அவனுக்கே கார் ஓட்டவும் போய்விட்டான். அதற்குப் பிறகு என் மனைவி செத்தாள். அவளுக்கும் நானேதான் பெட்டி செய்தேன். ஒரே பிள்ளை, ஒரு பிடி மண் போட வரவில்லை. அன்றைக்கு என் வயிற்றில் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. அணைய நானும் விடவில்லை.

போன வாரம் போதகனின் அம்மா இறந்தாள். போதகன் என்ன கத்தினாலும் கடைசிவரை எங்கள் சர்ச்சை விட்டு அசையாத மனுஷி. பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனது போதகனின் தம்பி. ஆனால் மதியம் பின்வாசல் வழியாகப் போதகனே வந்து நின்றான். மேடையில் கர்ஜிக்கிற வாய் வார்த்தைக்குத் திண்டாடியது. அடக்கத்துக்கு அவன் வர முடியாதாம். அவன் பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் பெற்றவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டார்களாம். இன்று அவன் போய் நின்றால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றான். கல்லறைக்குப் போகிற வழியில்தான் அவன் வீடு. அங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டுமாம்.

"மாடி ஜன்னல்ல நிப்பேன் அண்ணே. அம்மா முகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"அதுக்கென்ன பாஸ்டர், பண்ணிடலாம்," என்றேன். என் வாயிலும் தேன் ஒழுகும்.

மறுநாள் சாவு வீட்டில் ஜெபம் முடிந்ததும் மூடியை வைத்து, வழக்கத்தைவிட நெருக்கமாக ஆணி அடித்தேன். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆற்றோரமாகச் சுற்றிப் போகச் சொன்னேன். பெட்டிக்காரன் சொன்னால் அவன் ஏன் என்று கேட்பதில்லை. பின்னால் வந்தவர்களும் வண்டி போன பக்கம் வந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் போதகனின் முகத்தை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ருசியாகத்தான் இருந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் மகன் பட்டறைக்கு வந்தான். அவன் அம்மா போன பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாஸ்டர் இன்னும் ஜன்னலை விட்டு நகரவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றான்.

"நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். உங்கம்மாவுக்கு நீ நின்னியாடா?"

அவன் மேஜையில் கிடந்த மரத்தூளைக் கையால் ஒதுக்கினான்.

"நின்னேம்பா. அதே வீட்டு கேட்டுக்குப் பின்னால. வண்டி வந்தா குறுக்க விழுந்தாவது நிறுத்தி அம்மாவப் பாத்துடணும்னு இருந்தேன். அன்னைக்கும் நீங்க ஆத்தோரமாத்தான் சுத்திப் போனீங்க."

போனேன். அந்தப் போதகன் வீட்டு வாசல் வழியாக என் பெண்டாட்டி போகக் கூடாது என்று டிரைவரிடம் கத்தியது நான்தான். போதகனைத் திட்ட வாயைத் திறந்தேன். இத்தனை நாள் சேர்த்து வைத்ததில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.