விற்றவர் சொன்ன சாவு

அடிமை விஷயமாக வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட போர் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் எல்லோரும் கோட்டை, பீரங்கி, துறைமுகம் என்று பெரிய பேச்சாகப் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் கென்டக்கியில், லிக் கிரீக் பாப்டிஸ்ட் சபையில், அது அதற்குப் பல வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

என் பெயர் கெசியா. சபை மூப்பரான டீக்கன் ஹார்டின் வீட்டு அடிமை, தறிக் கொட்டகையில் வேலை. என் புருஷன் ஏனோக் அதே வீட்டின் புகையிலை வயலில் இருந்தான். எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் பழைய போதகர், பிடிவாதக்காரர். மற்ற போதகர்கள் அடிமைகளுக்கு மட்டும் "மரணமோ தூரமோ பிரிக்கும்வரை" என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துச் சொல்வார்கள். எசமான் விற்றுவிட்டால் கல்யாணத்தைப் பழைய செருப்புப் போலக் கழற்றி எறிந்துவிட வசதியாக இருக்கும் பாருங்கள். கிழவர் அந்தத் தூரத்தைச் சொல்லவே இல்லை. மரணம் என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

புகையிலை விலை விழுந்த வருஷம் ஹார்டின் ஏனோக்கைத் தெற்கே நாச்செஸ் சந்தைக்குப் போகிற அடிமை வியாபாரிக்கு விற்றார். சங்கிலியில் பிணைத்து ஒஹையோ ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். நான் தறியை விட்டு ஓடினேன். மேஸ்திரி சாட்டையை நீட்டி வழியை மறித்தான். ஏனோக் திரும்பிப் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

வசந்தம் வந்ததும் ஹார்டின் கூப்பிட்டு அனுப்பினார். கொல்லன் ஜூப்போடு நான் குடியிருக்க வேண்டுமாம். நல்ல வயசில் வயிறு சும்மா கிடக்கிறதாம். எனக்குப் புருஷன் இருக்கிறான் என்றேன். அடித்தார்கள். அடித்து முடித்ததும் மறுபடி கேட்டார்கள், மறுபடி அதையே சொன்னேன். ஜூப் ஒன்றும் கெட்டவன் இல்லை. கொட்டகை வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எனக்கும் இதுல இஷ்டமில்ல கெசியா. ஆனா நீ சொல்ற மாதிரி என்னால சொல்ல முடியாது. அடிக்குப் பயம் எனக்கு" என்றான்.

போய்யா, உன் பயத்தை நீயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன்.

ஹார்டின் பக்திமான். சாட்டையால் ஆகாததைச் சபையால் செய்துவிடலாம் என்று நினைத்தார். தூர தேசத்துக்கு விற்கப்பட்ட அடிமை, அவன் மனைவிக்குச் செத்தவனுக்குச் சமம், ஆகவே கெசியா விதவை, அவள் எசமான் சொல்கிறவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சபை தீர்ப்புச் சொல்லட்டும் என்று மாதாந்தரக் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்தார். சபை சொல்லிவிட்டால் நான் கடவுளை எதிர்த்தவள் ஆகிவிடுவேன் அல்லவா? அதுதான் அவர் கணக்கு.

கோயிலில் அடிமைகள் நாங்கள் உட்காருவது மாடியில். கீழே வெள்ளைக்காரர்கள். ஆனாலும் ஒரே ஓடையில்தான் எல்லோருக்கும் ஞானஸ்நானம், எல்லோரும் சபை அங்கத்தினர்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அங்கத்தினரும் எந்த அங்கத்தினர் மேலும் புகார் வைக்கலாம். புகார் தீரும்வரை அந்த ஆள் திருவிருந்து அப்பத்தைத் தொடக்கூடாது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் மாடியை நினைத்து உண்டாக்கவில்லை. ஆனால் மாடிக்குப் பொருந்தாது என்று சொல்லவும் மறந்துவிட்டார்கள்.

புதுப் போதகர் டாப்னி, ஹார்டின் வீட்டுப் பன்றிக்கறியில் வளர்ந்த உடம்பு. விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, நாச்செஸ் போனவன் திரும்பப் போவதில்லை, ஆகவே தேவனுடைய பார்வையிலும் இது மரணமே என்று உருகிப் பேசினார். பக்கத்தில் இருந்த சமையல்காரி டோர்கஸ், தேவன் இவருக்கு எப்போது கண்ணைக் கடன் கொடுத்தார் என்று என் காதில் கேட்டாள். கடைசியில் போதகர் ஒரு மரியாதைக்கு மேலே பார்த்து, சகோதரி கெசியாவுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்றார். இல்லை என்று தலையை ஆட்டுவேன் என்று நினைத்திருப்பார்.

எழுந்தேன். கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் புருஷன் செத்துட்டான்னு சபை சொல்லுதா, போதகரே?"

"சபையோட பார்வையில அப்படித்தான் சகோதரி."

"காய்ச்சல்ல செத்தானா?"

"இல்ல, ஆனா..."

"ஆத்துல விழுந்து செத்தானா?"

அவர் விண்ணப்பத் தாளைப் புரட்டினார்.

"அப்ப யாரோ கொன்னுருக்கணும். அவனும் இந்தச் சபை அங்கத்தினன்தான். டீக்கன் ஹார்டின் என் புருஷனைக் கொன்னுட்டாருன்னு நான் புகார் வைக்கிறேன். சபை விசாரிக்கட்டும்."

கீழே ஹார்டின் எழுந்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. வாயை மூடாவிட்டால் என்னையும் அதே ஆற்றில் படகேற்றி நாச்செஸுக்கு அனுப்பிவிடுவதாகக் கத்தினார். எனக்குள் இருந்த பயமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அனுப்புங்க எசமான். அப்ப நானும் செத்தவதானே? செத்தவளுக்கு யாராவது கல்யாணம் பண்ணி வைப்பாங்களா?"

டோர்கஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கீழேயும் ஒருவர் சிரித்தார். அவர் மாவுமில்காரர் ஒபதியா லூயிஸ். ஒரு அடிமையும் இல்லாதவர், ஊரில் எல்லோரோடும் சண்டை. ஏனோக் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது, ஆனால் செத்தான் என்று டீக்கனுக்கும் தெரியாது என்றேன். அவர் போதகர் பக்கம் திரும்பினார். ஆள் செத்திருந்தால் கொலையை விசாரிக்க வேண்டும், சாகவில்லை என்றால் கல்யாணம் நிற்கிறது, இரண்டில் ஒன்றைச் சொல்லும் என்றார். போதகர் இரண்டையும் தள்ளிவைக்கலாமே என்று இழுத்தார். தான் மில்லில் கெட்ட வார்த்தை பேசியதற்குத் தன் மேல் வைத்த புகாரை மட்டும் அப்படித் தள்ளிவைத்தீர்களா என்று லூயிஸ் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் போதகர் மாடிப்படி ஏறி வந்தார். அவர் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் மகளே என்று கெஞ்சினார். எசமான் தன் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டால் நானும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் திருவிருந்து. டீக்கன் என்ற முறையில் ஹார்டின் அப்பத் தட்டை எடுக்கக் கை நீட்டினார். லூயிஸ் குறுக்கே போய் நின்றார். யார் யாரை முதலில் தள்ளினார்கள் என்று இன்றைக்கும் ஊரில் வாக்குவாதம் நடக்கிறது. பெஞ்சு கவிழ்ந்தது, அப்பம் தரையில் உருண்டது, போதகர் டாப்னியோடு பாதிச் சபை ஹார்டின் பின்னால் வெளியே போனது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதுக் கோயில் கட்டினார்கள். அந்த வருஷமே நாடு முழுக்கப் பாப்டிஸ்டுகள் அடிமை விஷயத்தில் வடக்கு, தெற்கு என்று பிரிந்தார்கள். இரண்டு கோயில் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரோட்டின் குறுக்கே கல்லெறிந்துகொண்டார்கள். வளர்ந்த பிறகு அதே பிள்ளைகள் துப்பாக்கி எடுத்தார்கள்.

ஹார்டின் என்னை விற்கவில்லை. விற்றால் புகார் சொன்னவளை ஒளித்துவிட்டார் என்று ஊர் பேசும். அந்தக் கௌரவம் அவரை விடவில்லை. புதுச் சபையில் என்னைச் சேர்த்து, அங்கே என்னை விதவையாக்கிவிடத் திட்டம் போட்டார். ஆனால் பாப்டிஸ்ட் சபையில் ஒருத்தரைச் சேர்ப்பதென்றால் அவர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு வாரம் முழுக்க அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரத்தத்தில் ஒட்டிக்கொண்ட சட்டையோடு என்னைப் புதுச் சபைக்கு முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பின்சுவர் ஓரம் நின்றிருந்தார்கள்.

போதகர் டாப்னி பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு, "விதவை கெசியா, இந்தச் சபையில சேர உனக்குச் சம்மதமா?" என்றார்.

"ஏனோக் பெண்டாட்டி கெசியான்னு எழுதுங்க, சேர்றேன். விதவைன்னா அது வேற யாரோ."

அவர் ஹார்டினைப் பார்த்தார். ஹார்டின் என் பக்கம் அடியெடுத்து வைத்தார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. அடிக்குப் பயந்த ஜூப்பின் குரல்தான், நடுங்கிக்கொண்டே வந்தது.

"எனக்கும் பெண்டாட்டி இருக்கா எசமான். லுசிண்டா. லெக்சிங்டன் சந்தையில வித்தீங்க. அவளும் சாகல."

"என் புருஷன் பேரு சைலஸ்" என்றாள் டோர்கஸ். "ஜார்ஜியாவுல இருக்கான்."

அதற்குப் பிறகு சுவர் ஓரத்திலிருந்து பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், கூடவே விற்ற ஊரின் பெயர். போதகர் கையை உயர்த்திப் பார்த்தார், பாட்டு ஒன்றை ஆரம்பித்தும் பார்த்தார். யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு அந்தக் கோயிலில் பிரசங்கம் நடக்கவில்லை.